சுற்றாத விசிறி

இரவு பத்தரை இருக்கும். ஹார்க்கம் மேட்டுச் சாலை. போர் நடந்துகொண்டிருந்த காலம். குண்டு போட வருகிறவனுக்கு அடையாளம் தெரியக் கூடாதென்று ஊரே விளக்கை அணைத்துவிட்டுக் கிடந்த நவம்பர் மாதம். சாலையில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. இரண்டு பக்கமும் வேலிப் புதர். ஈரம் சொட்டுகிற சத்தம் மட்டும். டொக்... டொக்...

அந்த மேட்டில் ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறான். பெயர் வில்ஃப் நிப்லெட். விமானப் பட்டறையில் கூலி. எவனோ முகம் தெரியாதவன் இல்லை. இதோ, நமக்கெல்லாம் டீ ஊற்றிக்கொண்டிருக்கிற எனிட்டின் தாய்மாமன். எனிட் இங்கேதான் இருக்கிறாள். கதை எங்காவது தடம் மாறினால் அவளே நிறுத்துவாள்.

குளிர் காய இந்தச் சூளைப் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். அந்தக் கதவைச் சாத்துங்கள்.

"சாத்தித்தான் இருக்கு. நீ சொல்லுய்யா," என்றான் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவனான பெர்சி.

வில்ஃபின் உதட்டில் ஒரு சிகரெட். மேட்டின் உச்சியிலிருந்து காற்று இறங்கி அவன் முகத்தில் அடிக்கிறது. காற்று முகத்தில் அடித்தால் புகை எந்தப் பக்கம் போக வேண்டும்? பின்னால். ஆனால் அந்தப் புகை முன்னால் போனது. நூல் பிடித்தது போல, நேராக, இருட்டுக்குள். அந்த முனையில் யாரோ வாய் வைத்து இழுப்பதைப் போல...

வில்ஃப் நின்றான். கழுத்தில் சுற்றியிருந்த கம்பளித் துண்டின் முனை தானாக எழும்பியது. அதுவும் முன்னால் நீண்டது. வேலியின் இலை, சாலையோரத்துப் புல், எல்லாம் காற்றை எதிர்த்துக்கொண்டு ஒரே புள்ளியைப் பார்த்துச் சாய்ந்தன. பிறகு சத்தம். எங்கோ ஒரு வீட்டில் அடுப்பில் வைத்த கெட்டில் கொதிக்கத் தொடங்குவது போல. ஊ... ஊ... மெல்லியதாக ஆரம்பித்து, ஏறி, ஏறி...

கூடவே மண்ணெண்ணெய் வாடை.

சைக்கிளைப் போட்டுவிட்டு வேலியில் விழுந்து, சட்டை கிழிய, வயலுக்குள் ஓடினான் வில்ஃப். என்ன பேய் என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குத் தெரியும். தன் தங்கை புருஷனைத் தெரியாமல் இருக்குமா?

நடந்தது இதுதான்.

ஹார்க்கம் மைதானத்தின் கோடியில் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் துப்பாக்கிக்காரன். உள்ளே ஒரே ஒரு விமானம். விசிறி இல்லாமல் பறக்கப்போகிற விமானம். மூக்குக்கு இரண்டு கன்னத்திலும் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு வாய். அந்த வாயால் காற்றை உறிஞ்சும். வயிற்றுக்குள் மண்ணெண்ணெயைக் கொளுத்தும். வால் வழியாகத் தீயைக் கக்கும். கக்குகிற வேகத்தில் முன்னால் பாயும். ஜெட் என்கிற சொல் அப்போது கூலிக்காரர்கள் காதுக்கு வரவில்லை. கிளம்பும்போது போடுகிற சத்தத்தை வைத்து அவர்கள் அதற்குக் கெட்டில் என்று பெயர் வைத்திருந்தார்கள். "கெட்டிலை வெளியே தள்ளுங்கடா." "கெட்டில் இன்னைக்குக் கொதிக்குமா?" இப்படித்தான் பேச்சு.

கொட்டகைக்குள் வேலை செய்கிற அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பெண்டாட்டியிடம் சொன்னாலும் சிறை. பக்கத்துப் பட்டறைக்காரனிடம் சொன்னாலும் சிறை.

ஆனால் விமானத்தைச் சோதிக்க வெளியே தள்ளித்தானே ஆக வேண்டும்? வேலிக்கு அந்தப் பக்கம் சாலை. மாட்டுக்காரன் போவான், தபால்காரன் போவான். மூக்கில் விசிறி இல்லாத விமானத்தை ஒருவன் பார்த்துவிட்டால் போதும், பொழுது சாய்வதற்குள் மதுக்கடை முழுக்க அதே பேச்சாகிவிடும். அதனால் ஒரு தந்திரம். தச்சுப் பட்டறையில் மரத்தில் ஒரு விசிறி செதுக்கி, கறுப்புச் சாயம் பூசி, மூக்கு நுனியில் ஒரே ஒரு திருகில் மாட்டிவிடுவார்கள். அது ஒன்றையும் சுழற்றாது. ஒன்றும் அதைச் சுழற்றாது. சும்மா ஒரு மூக்குத்தி.

அந்த மரவிசிறியை மாட்டுவதும் கழற்றுவதும்தான் வில்ஃபின் வேலை.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். விமானப் பட்டறையில் ஊறிப்போன ஆளுக்குக் கண்தான் காது. பெரிய குண்டுவிமானங்கள் நாள் முழுக்க அந்த மைதானத்தில் உறுமிக்கொண்டிருக்கும். எந்த எஞ்சின் ஓடுகிறது, எது ஓடவில்லை என்று காதால் சொல்ல முடியாது. விசிறியைப் பார்ப்பார்கள். சுற்றினால் கிட்டே போகாதே. நின்றால் அது செத்த மாடு, மேலேயே ஏறி உட்காரலாம். வேலைக்கு வந்த முதல் நாள் படிக்கிற பாடம் அது. உடம்பே படித்துவிடும். பிறகு மறக்காது.

இந்தப் பழக்கத்தை வைத்துக் கெட்டில் கொட்டகைக்காரர்கள் ஒரு விளையாட்டு கண்டுபிடித்திருந்தார்கள். புதிதாக ஒருவன் மாற்றலாகி வந்தால், எஞ்சின் மெதுவாக ஓடுகிற நேரமாகப் பார்த்து அவன் கையில் ஒரு துணியைக் கொடுப்பார்கள். "போய் மூக்கு விசிறியைத் துடைச்சிட்டு வா." அவன் பார்ப்பான். விசிறி நிற்கிறது. பயமில்லாமல் போவான். கிட்டே போனதும்... சர்ர்ர்! தலையிலிருந்த தொப்பி பறந்து போய் அந்தக் கன்னத்து வாயில் அப்பிக்கொள்ளும். வாய்க்குக் குறுக்கே தடித்த கம்பி வலை ஒன்று போட்டிருந்தார்கள். தொப்பி அதில் அடை மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். வந்தவன் பேய் அறைந்தவன் போல விழிப்பான். கொட்டகையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அன்று சாயங்காலம் எல்லாருக்கும் பீர் அவன் செலவு. அதோடு அவனும் கொட்டகைக்காரன்.

பொறியாளர்களுக்கும் இது தெரியும். தெரியாதது போலத் திரும்பிக்கொள்வார்கள்.

வில்ஃபின் தங்கை ஐவி. அவள் புருஷன் லென். மைதானத்தின் மறு கோடியில் நிஜ விசிறி செய்கிற பட்டறையில் அவன் கைதேர்ந்த வேலைக்காரன். ஞாயிற்றுக்கிழமை ஐவி வீட்டில்தான் வில்ஃபுக்குச் சாப்பாடு. சாப்பாட்டு மேசையில் லென் பேசுவான், வில்ஃப் கேட்பான். எப்போதும் அப்படித்தான்.

"நாங்க செய்யறது சுத்துற சாமான், மச்சான்," என்பான் லென். "உன் கொட்டாயில அப்படி என்னதான் பண்றீங்க? வாசல்ல துப்பாக்கி வேற! ராஜாவுக்குக் கக்கூஸ் கட்டறீங்களா?"

"ஆமா மாப்ள. உன்னைத்தான் கழுவக் கூப்பிடலாம்னு இருக்கோம்."

"அண்ணே! திங்கற இடத்துல!" என்று ஐவி கரண்டியை ஓங்குவாள். லென் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பான். நல்லவன்தான் லென். ஆனால் எல்லாம் தெரிந்தவன். எதைச் சொன்னாலும் அதற்கு மேல் ஒன்று சொல்லுவான். வாழ்க்கையில் முதல் தடவையாக, லென்னுக்குத் தெரியாத ஒன்று வில்ஃபுக்குத் தெரிந்திருந்தது. சொல்லக் கூடாது என்பதே அவனுக்கு வெல்லம் மாதிரி இனித்தது. நாக்குக்கு அடியில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான்.

அந்த இலையுதிர் காலத்தில் கொட்டகையில் ஆள் போதவில்லை. ஒரு நாள் மதியம் லென்னை மாற்றி அனுப்பினார்கள். கையெழுத்து வாங்கியாயிற்று, விளக்கம் நாளை என்று சொல்லியாயிற்று. கெட்டில் வெளியே நின்று மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு குண்டுவிமானம் நான்கு விசிறியும் சுற்ற உறுமிக்கொண்டிருந்தது. எது எந்த எஞ்சினின் சத்தம் என்று காதால் பிரிக்க முடியாது.

லென் வந்து வில்ஃபின் காதருகே குனிந்து கத்தினான்: "இதுக்குத்தானா மச்சான் இவ்வளவு பில்டப்பு? விசிறியைச் செதுக்கினவன் கண்ணு தெரியாதவனா?"

பின்னால் நின்ற இரண்டு கூலிகள் வில்ஃபைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்கள். வில்ஃப் துணியை எடுத்து லென் கையில் கொடுத்தான்.

"போய்த் துடைச்சிட்டு வா, மாப்ள. கிட்ட பார்த்தா அழகு தெரியும்."

லென் நடந்தான். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, சந்தைக்குப் போகிறவன் மாதிரி.

பாதி தூரம் போயிருப்பான். அப்போதுதான் வில்ஃபின் கண் கொட்டகைச் சுவரில் பட்டது. சுவரில் கம்பி வலை சாய்ந்திருந்தது.

காலையில் பொறியாளர் சொல்லியிருந்தார், வலை காற்றைத் தடுக்கிறது, இன்றைக்கு அது இல்லாமல் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று. வில்ஃப்தான் கழற்றினான். தன் கையாலேயே கழற்றி, சுமந்து வந்து, அந்தச் சுவரில் சாய்த்துவைத்தான். அதற்குப் பிறகு மறந்தே போனான்.

வாயைத் திறந்தான்.

கத்தியிருக்கலாம். ஓடியிருக்கலாம். நேரம் இருந்தது. ஆனால் அந்தப் பொறியாளர் பத்தடியில் நிற்கிறார். வலை இல்லாத எஞ்சினுக்கு முன்னால் விளையாட்டுக்கு ஆளை அனுப்பினேன் என்று எல்லாருக்கும் முன்னால் கத்த வேண்டும். வில்ஃபுக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு கிட்டே போகமாட்டான்... தொப்பிதான் போகும்... போனால் தொப்பிதானே... இப்படி ஒரு நினைப்பு. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். அந்த நேரம் முழுக்க அவன் வாய் திறந்தபடியே இருந்தது. சத்தம் வரவில்லை.

பிறகு கத்தினான். அப்போது கத்தி என்ன?

தொப்பி போனது. தொப்பியைப் பிடிக்கக் கை போனது.

மீதியைச் சொல்ல வேண்டாம். எனிட் இருக்கிறாள்.

கெட்டிலின் சத்தம் ஒரு கணம் அடைத்துக்கொண்டது. அவ்வளவுதான். மூக்கில் மரவிசிறி அப்படியே நின்றது. மயிரிழைகூட அசையவில்லை.

சாயங்காலம் சாம்பல் நிற மழைக்கோட்டுப் போட்ட ஓர் அதிகாரி வந்து வில்ஃபைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நிப்லெட், இன்னைக்கு இங்க ஒண்ணும் நடக்கலை. புரியுதா?"

"அவன் என் தங்கச்சி புருஷன், சார்."

"தெரியும். அதனாலதான் உன்கிட்ட தனியா சொல்றேன். வீட்டுக்குச் சொல்ல வேண்டியதை நாங்க சொல்லுவோம். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது." மழைக்கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "அவனை அங்க அனுப்பினது யாரு?"

வில்ஃப் தன் பூட்ஸைப் பார்த்தான்.

"தெரியலை சார். தானாப் போனான்."

இருட்டிய பிறகு ஒரு லாரி வந்தது. ஆணி அடித்த பெட்டி ஒன்றை ஏற்றிக்கொண்டு விளக்குப் போடாமல் போனது. கூட நின்று சிரித்த இரண்டு கூலிகளையும் அந்த வாரமே வேறு வேறு ஊருக்கு மாற்றினார்கள். மழைக்கோட்டு அதிகாரியும் மாறிப் போனார். அவர் சொல்லிவிடுவதாகச் சொன்னதை அவருக்குப் பின்னால் வந்தவர் அறியவில்லை. ஐவி வீட்டுக்கு ஒரு சேதியும் போகவில்லை.

ஐவியே வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. இதோ, இந்த எனிட். கையில் துணி மூடிய ஒரு தட்டு. வில்ஃப் குடியிருந்த அறை வாசலில் நின்றாள்.

"அண்ணே, லென் வீட்டுக்கு வரவேயில்லை. கேட்டுக்குப் போனா உள்ள விடமாட்டேங்கறான். அப்படி ஒரு ஆளே இங்க இல்லைங்கறான். நாளைக்கும் போவேன். தினம் போய் நிப்பேன். நீ ஏதாச்சும் பார்த்தியா?"

தினம் போய் நிற்பாள். கேட்டில் நின்று அழுவாள். யாராவது ஒருவன் மனசு கேட்காமல் சொல்லிவிடுவான், உன் அண்ணன்தான் அனுப்பினான் என்று... வில்ஃபின் வாய் திறந்தது. இந்தத் தடவை சத்தம் வந்தது.

"நீ போகாதம்மா. உனக்குத்தான் கேவலம். பெயிண்ட் அடிக்கிற பிரிவுல ஒருத்தி இருந்தா. அவளும் இப்ப வேலைக்கு வரதில்லை."

ஐவி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"எப்படி இருப்பா?"

"சிவப்பு முடி," என்றான் வில்ஃப். அந்தப் பட்டறையில் அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை.

ஐவியின் கை தானாகத் தன் தலைக்குப் போனது. எலி நிறத்து முடி. அதைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். தட்டை நீட்டினாள்.

"ரொட்டிப் புட்டிங்ணே. அவனுக்குன்னு செஞ்சு வெச்சிருந்தேன். கெட்டுப்போகுது. நீயாச்சும் தின்னு."

வில்ஃப் வாங்கிக்கொண்டான். அவள் பார்த்துக்கொண்டு நின்றதால் அவளுக்கு முன்னாலேயே தின்றான்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ரொட்டிக்கு வரிசையில் நிற்கும்போதே ஆரம்பித்தார்கள்.

"என்ன ஐவி, உன் புருஷன் விமானம் செய்யத்தானே போனான்? அதிலேயே பறந்துட்டானாமே?"

"உங்க புருஷன் பறக்காததுக்குக் காரணம் கனம்தாங்க அக்கா," என்பாள் ஐவி, திரும்பாமலே. வரிசை சிரிக்கும். வாய்க்கு வாய் கொடுப்பாள். ஆனால் கோயிலில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும். பிள்ளை வளர்ந்தது. பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒரு பட்டப்பெயர்: ஓடிப்போனவன் மகள்.

ஞாயிறுதோறும் ஐவி அண்ணனைக் கூப்பிட்டுச் சோறு போடுவதை மட்டும் நிறுத்தவில்லை. ரேஷனில் வருகிற துளி இறைச்சியில் பெரிய துண்டு அவன் தட்டில் விழும். "எனக்குன்னு மிச்சம் இருக்கிற ஆம்பிளை நீ ஒருத்தன்தாண்ணே." லென்னின் நாற்காலியில் அவனை உட்கார வைப்பாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்தத் தட்டில், தலையைக் குனிந்துகொண்டு வில்ஃப் விழுங்குவான். ஒவ்வொரு கவளமும் செங்கல்.

சொல்லிவிட வேண்டும் என்று அவன் நினைக்காத நாள் இல்லை. ஓடிப்போனவன் இல்லையம்மா உன் புருஷன், செத்துப்போனவன். நான்தான் அனுப்பினேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. இதைச் சொன்னால் ஐவிக்கும் பிள்ளைக்கும் தலை நிமிரும். அவன் தலை விழும். விழட்டுமே என்று ராத்திரி நினைப்பான். காலையில் முகம் கழுவும்போது அது போய்விடும்.

அந்த மேட்டுச் சாலையில் காற்று அவனை இழுக்கத் தொடங்கியது அப்போதுதான்.

பாதையை மாற்றினான். அது வீட்டுக்கே வந்தது. கதவு சாத்திய அறையில் மெழுகுத்திரியின் சுடர் படுத்துக்கொள்ளும், யாரோ மறுபக்கம் இருந்து மூச்சு இழுப்பதைப் போல. போர்வை காலடிப் பக்கமாக நகரும். தூங்கினால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். விழித்துப் பார்த்தால் நாக்கு வறண்டு மரக்கட்டையாய்க் கிடக்கும். தாடையைத் துணியால் கட்டிக்கொண்டு படுத்தான்... பிணத்துக்குக் கட்டுவது போல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்துவிட்டான். ஐவி தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஐவி. லென்..."

அதற்கு மேல் சொல்லத்தான் சொன்னான். சொல்லும் வந்தது. ஆனால் வெளியே வரவில்லை. உள்ளே போனது. தொண்டை வரை வந்த சொல்லை யாரோ வயிற்றுக்குள்ளிருந்து உறிஞ்சிக்கொண்டார்கள். மறுபடி முயன்றான். மறுபடி உள்ளே போனது. மூச்சும் கூடவே போனது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாய் பிளந்தபடி, கண்ணில் நீர் வழிய நின்றான்.

"என்னண்ணே? ஏன் வாயைத் திறந்துக்கிட்டு நிக்கற?" ஐவி மூக்கைச் சுளித்தாள். "மண்ணெண்ணெய் நாறுது. விளக்கு எங்கயாச்சும் சாஞ்சிருக்கா பாரு..."

"எழுதிக் குடுத்திருக்கலாமே?" என்றான் பெர்சி.

எனிட் டீப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "மாமாவுக்குத் தன் பேரைப் போடத்தான் தெரியும். இன்னொருத்தரை வெச்சு எழுதலாம்னா, அவங்ககிட்டயும் வாயாலதானே சொல்லணும்?"

போர் முடிந்தது. கெட்டிலின் படம் பத்திரிகையில் வந்தது. ஒரு கோடைக்கால ஞாயிறு ஹார்க்கம் மைதானத்தைத் திறந்துவிட்டு எல்லாரும் வந்து பாருங்கள் என்றார்கள். தோரணம், பேண்டு வாத்தியம், ஐஸ்கிரீம் வண்டி. நடுவில் கயிறு கட்டி அந்த விமானம். மரவிசிறி இல்லை. கழுவித் துடைத்து, வெள்ளி மாதிரி மின்னியது. எஞ்சின் ஆறிக் குளிர்ந்து வருஷமாகிவிட்டது. இனி ரகசியமும் இல்லை, சிறையும் இல்லை. வில்ஃபின் வாயைக் கட்டிய காகிதம் செல்லாத காகிதமாகிவிட்டது. ஐவியையும் பிள்ளையையும் அவனே கூட்டி வந்தான். அந்த இடத்தில் வைத்தாவது சொல்லிவிடலாம் என்று.

ஒலிபெருக்கியில் ஒருவர் பேசினார். நம் நாட்டு மூளை, நம் நாட்டு உழைப்பு என்றார். கடைசியில் சொன்னார்: "இவ்வளவு ஆபத்தான வேலையில ஒரு உயிர்கூடப் போகலைங்கறதை நினைச்சு நாம பெருமைப்படலாம்."

கூட்டம் கை தட்டியது. ஐவியும் தட்டினாள்.

வில்ஃப் வாயைத் திறந்தான்.

காற்றே இல்லாத வெயில் நாள். தோரணக் காகிதங்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. அவன் பக்கமாக. முன்னால் நின்ற ஆளின் தொப்பி கழன்று பின்னோக்கி வந்து அவன் மார்பில் மோதி விழுந்தது. எனிட்டின் தலை ரிப்பன் அவிழ்ந்து மாமாவின் வாயைப் பார்த்து நீண்டு நின்று துடித்தது. அவளுக்கு அது இன்னும் நினைவிருக்கிறது. மஞ்சள் ரிப்பன். கெட்டில் கொதிக்கிற சத்தம் கேட்டது. எல்லாரும் விமானத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். எனிட் மட்டும் பார்க்கவில்லை. சத்தம் எங்கிருந்து வருகிறதென்று அவளுக்குத் தெரிந்தது. மாமாவின் தொண்டைக்குள்ளிருந்து.

அன்றைக்குப் பிறகு வில்ஃப் ஞாயிறு சாப்பாட்டுக்குப் போவதை நிறுத்தினான். ஐவி தட்டை எடுத்துக்கொண்டு அவன் அறைக்கு வருவாள். அவன் கதவைத் திறக்க மாட்டான். அவள் வாசலில் வைத்துவிட்டுப் போவாள். மனுஷன் இளைத்து இளைத்து, உள்ளிருந்தே யாரோ உறிஞ்சியது போல, கன்னம் ஒட்டி, மார்பு ஒட்டி, ஒரு குளிர்காலத்தில் செத்துப்போனான்.

பிணம் கழுவுகிற பெண்பிள்ளை வந்தாள். கழுவினாள். கையை மடக்கினாள், கண்ணை மூடினாள். வாய் மட்டும் மூடவில்லை. துணியால் கட்டினாள். அவிழ்ந்தது. இறுக்கிக் கட்டினாள். துணி கிழிந்தது. "எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன், இப்படி ஒண்ணைப் பார்த்ததில்லை," என்று சொல்லிவிட்டுக் கூலிகூட வாங்காமல் போய்விட்டாள்.

ராத்திரி ஐவி ஒருத்திதான் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எனிட் கதவோரம் பாயில். விடியப்போகிற நேரம். எனிட் விழித்துப் பார்த்தபோது அம்மா குனிந்து, தன் காதை அந்த வாய்மேல் வைத்திருந்தாள். முடி முழுவதும் அந்த வாய்ப் பக்கமாக இழுபட்டு நின்றது. அம்மா நகரவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவதைக் கேட்பது போல. ஒரு தடவை, "ம்," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அனுப்பினது அண்ணனா?" என்றாள்.

நிமிர்ந்தாள். இரண்டு விரலால் அண்ணனின் தாடையைத் தொட்டாள். வாய் மூடிக்கொண்டது.

அன்று பகலில் வில்ஃபைப் புதைத்தார்கள். ஐவி போகவில்லை. அந்தக் குழிப் பக்கம் அதற்குப் பிறகும் அவள் ஒருநாளும் போனதில்லை.

அவள் வேறெங்கோ போனாள். கோட்டை மாட்டிக்கொண்டு, எனிட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, விடிந்ததும் நடக்கத் தொடங்கினாள். ஹார்க்கம் மேட்டைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, அவர்கள் இருவரும் அதுவரை பார்த்தேயிராத ஊர்களுக்குள் நடந்தாள். யாரிடமும் வழி கேட்கவில்லை. பாதை பிரிகிற இடத்தில்கூட நின்று யோசிக்கவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு சின்னக் கோயில். அதன் பின்பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில், வெயில் படாத மூலை. முள்ளும் செடியும் மண்டிக் கிடந்தது. அந்தப் புதருக்குள் நேராகப் போய் ஓர் இடத்தில் மண்டியிட்டாள். கல் இல்லை, சிலுவை இல்லை, பெயர் இல்லை. தரை கொஞ்சம் மேடாக இருந்தது. அவ்வளவுதான்.

"எனிட்," என்றாள். "இங்க வா. உங்கப்பா."

குழி வெட்டுகிற கிழவன் கையில் மண்வெட்டியோடு ஓடி வந்தான். "யாரும்மா நீங்க? சண்டை நடந்தப்ப ஒரு ராத்திரி பட்டாளத்து லாரியில ஒரு பெட்டியைக் கொண்டாந்து என்னைத் தோண்டச் சொன்னாங்க. பேரு கேட்டேன், சொல்லலை. இங்க ஆள் கிடக்கறது என்னைத் தவிர இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது. உங்களுக்கு யாரு சொன்னா?"

"எங்கண்ணன் வாய் சொல்லுச்சு," என்றாள் ஐவி.

அந்த லாரி எங்கே போனதென்று வில்ஃபுக்கு யாரும் சொன்னதில்லை.